கழுத்துக்குப் பின்னால் உள்ள எழுத்து: எங்கள் நூறு வருடப் பாவைப்பிள்ளைகள்

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தரும்படி சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "பாவைப்பிள்ளைகளைப் பற்றி எழுதட்டோ?" என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. அதிபர்கள், கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள், விளையாட்டுப் போட்டிகள் என்று மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்க, இவ என்ன பாவைப்பிள்ளை என்கிறா என்று நினைத்திருப்பார். பிறகு மெதுவாக, "அக்கா, எங்கடை காணிவேல் பாவைப்பிள்ளையைப் பற்றியோ? அம்மா சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறன்" என்றார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர் அவர். அவர் பிறக்கும் முன் நடந்த ஒரு களியாட்ட விழாவின் பாவைப்பிள்ளை அவருக்கும் தெரிந்திருக்கிறது. அப்படியானால் இதுவும் கல்லூரியின் வரலாறுதான் என்று துணிந்து எழுதத் தொடங்கினேன்.

பொம்மை என்ற சொல்லை நாங்கள் புத்தகத்தில் படித்தோம். வீட்டில் அது பாவைப்பிள்ளைதான். பாவை என்பது மிகப் பழைய சொல் என்று உயர்தர வகுப்பில் தமிழ் ரீச்சர் சொல்லித் தந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சங்கப் பாடல்களில் பெண்பிள்ளைகள் பஞ்சாய்க் கோரையால் பாவை செய்கிறார்கள்; கடற்கரை மணலில் வண்டற்பாவை செய்து விளையாடுகிறார்கள். கண்ணின் கருமணிக்கும் பாவை என்றுதான் பெயர். மற்றவரின் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தால் எங்கள் உருவமே சிறு பாவையாகத் தெரிகிறதல்லவா?

என்னுடைய முதற் பாவைப்பிள்ளை பனங்கொட்டை. பழத்தைச் சூப்பி முடிந்தபின் கொட்டையைக் கழுவிக் காயவைத்தால், அதன் தும்பு தலைமயிராகிவிடும். அப்பாச்சி அதைச் சீவி, கரியால் கண்ணும் வாயும் கீறித் தருவா. ஒரு கொட்டை பழுதானால் வேறொன்று. அதற்கு விலையுமில்லை, பெயருமில்லை. எந்தப் புராதனப் பொருட் கடையிலும் நீங்கள் அதைக் காணமாட்டீர்கள்.

கடையில் பார்ப்பது எப்படி

நான் லண்டனுக்கு வந்து நாற்பது வருடங்களாகின்றன. ஓய்வுபெற்ற பிறகு சனிக்கிழமைகளில் போர்ட்டபெல்லோ வீதிப் பழம்பொருட் கடைகளைப் பார்த்துத் திரிவது என் பழக்கமாகிவிட்டது. வாங்குவது குறைவு, பார்ப்பதுதான் அதிகம். வெள்ளிக் கரண்டிகளுக்கும் பழைய கடிகாரங்களுக்கும் நடுவே, கண்ணாடி அலுமாரிக்குள் நாலைந்து பாவைப்பிள்ளைகள் சாய்ந்திருப்பார்கள். கடைக்காரர் எடுத்துத் தந்தால் முகத்தைப் பார்க்காதீர்கள். திருப்பிக் கழுத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பொய்முடி வைத்த பாவையென்றால் முடியின் கீழ்விளிம்பை மெல்ல உயர்த்திப் பாருங்கள். அங்கேதான் அதன் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்கிறது: ஓர் இலக்கம், இரண்டொரு எழுத்து, சில வேளைகளில் ஒரு நாட்டின் பெயர்.

எமது சங்கம் தொடங்கிய 1920களில் உலகின் பாவைப்பிள்ளைகளில் பல ஜேர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் பிறந்தவை. சொனபேர்க் என்ற ஊரும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் பாவை செய்தே பிழைத்தன. பிஸ்க் எனப்படும் மெருகு பூசாத பீங்கானால் தலை, கண்ணாடியால் கண், அங்கோரா ஆட்டு உரோமத்தாலோ மனிதத் தலைமயிராலோ முடி. உடல் மரத்தூளையும் பசையையும் கலந்து செய்த கலவையாகவோ, தோலுக்குள் திணித்த தூளாகவோ இருக்கும். படுக்க வைத்தால் கண்ணை மூடும். கண்ணின் பின்னால் தலைக்குள் ஈயக்குண்டு ஒன்று தொங்குவதே அதன் இரகசியம். இந்த வேலையில் பெரும்பகுதி வீடுகளில்தான் நடந்தது. தாயும் தகப்பனும் பிள்ளைகளும் ஒரே மேசையில் இரவு வரை இருந்து கைகால் பொருத்தினார்கள். உலகமெங்கும் பிள்ளைகள் கொஞ்சிய பாவையைச் செய்த பிள்ளைகளுக்கு விளையாட நேரம் இருக்கவில்லை.

கழுத்தில் ஜேர்மனி என்று நாட்டின் பெயர் இருந்தால் அந்தப் பாவை பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. காரணம் அமெரிக்காவின் ஒரு வரிச் சட்டம். 1890இல் நிறைவேறிய அந்தச் சட்டம், இறக்குமதியாகும் பொருட்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்றது. அமெரிக்கா பெரிய சந்தை. எனவே பாவை செய்வோர் அச்சிலேயே நாட்டின் பெயரைப் பொறித்தார்கள். ஏ.எம். என்ற எழுத்துகளும் 390 என்ற இலக்கமும் கண்டால், அது அர்மண்ட் மார்செய் என்பவரின் தொழிற்சாலையில் வார்த்த தலை. இந்த இலக்கத் தலைகள் ஏராளமாகச் செய்யப்பட்டதால் இன்றும் கடைகளில் அடிக்கடி கண்ணில் படும். பழையது என்ற ஒரே காரணத்துக்காக அதிக விலை கொடுத்துவிடாதீர்கள்.

இந்தப் பாவைகள் எங்கள் பக்கமும் வந்தன. மிஷன் பள்ளிகளுக்கு மேலைநாட்டுத் தேவாலயப் பெண்கள் ஆண்டுதோறும் பெட்டிகள் அனுப்புவார்கள். தையற்பெட்டி, கைலேஞ்சி, படங்களோடு, அந்தப் பெண்களே சட்டை தைத்து உடுத்திவிட்ட பாவைகளும் அவற்றில் இருக்கும். ஒழுங்காக வகுப்புக்கு வந்த பிள்ளைக்கும் நன்றாகத் தைத்த பிள்ளைக்கும் அவை பரிசு. பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய காலத்தில், ஒரு பாவைப்பிள்ளையின் ஆசையும் சில பிள்ளைகளைப் படிப்பின் பக்கம் இழுத்திருக்கும். எனது அம்மாவின் மூத்த சகோதரிக்கு அப்படியொரு பரிசு கிடைத்ததாம். ஆனால் விளையாட விடவில்லை. கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பெரியம்மா எழுபது வயதிலும் அந்தப் பாவையைப் பற்றிச் சொல்லும்போது, சட்டையின் நிறத்தைச் சொல்லுவா. அது கையில் எவ்வளவு பாரம் என்று அவவுக்குத் தெரியாது.

கற்பூரம் மணக்கும் பாவை

அடுத்து வந்தது செலுலோயிட். பருத்தி போன்ற நார்ப்பொருளை நைத்திரிக் அமிலத்தால் பதப்படுத்தி, கற்பூரம் சேர்த்து உருவாக்கிய ஆதிகாலப் பிளாஸ்ரிக் அது. ஜேர்மனியின் மான்ஹைம் நகரத் தொழிற்சாலை ஒன்று ஆமையைத் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. முதுகில் சிறிய ஆமை இருந்தால் அது அங்கே பிறந்தது. கற்பூரத்தின் பெரிய விளைநிலமான தாய்வான் 1895 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஜப்பான் செலுலோயிட் உற்பத்தியில் முன்னுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். முட்டைக்கோது போல மெல்லிய, கைக்கடக்கமான, மலிவான ஜப்பானியப் பாவைகள் உலகெங்கும் போயின. எனது அம்மாவின் பாவைப்பிள்ளை அந்த இனம். நடுவிரல் நீளம், இளஞ்சிவப்பு நிறம், அசையும் கைகள்.

கடையில் செலுலோயிட்டை அடையாளம் காண்பது எளிது. பாரமே இருக்காது. விரலால் அழுத்தித் தேய்த்துச் சூடாக்கி முகர்ந்தால் கோயிற் கற்பூரம் இலேசாக மணக்கும். சூடான ஊசியால் குத்திப் பார் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள், குப்பென்று பற்றிக்கொள்ளும். அந்த ஆபத்தினால்தான் 1950களில் புதிய பிளாஸ்ரிக் வகைகள் வந்ததும் அது பின்தள்ளப்பட்டது. அடிப்பக்கத்தில் "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்" என்ற பொருள்படும் ஆங்கில எழுத்து இருந்தால், அது இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952இல் ஆக்கிரமிப்பு முடிவதற்கு முன் செய்தது. தோற்ற நாடு தன் தோல்வியைப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானிலும் அச்சடித்து அனுப்பவேண்டியிருந்தது.

ஜப்பானைச் சொல்லும்போது இன்னொரு கதையையும் சொல்லவேண்டும். 1927இல் அமெரிக்கப் பிள்ளைகள் 12,000க்கு மேற்பட்ட பாவைகளை நட்பின் அடையாளமாக ஜப்பானியப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். சிட்னி குலிக் என்ற மதப்பணியாளர் முன்னின்று செய்த முயற்சி அது. ஜப்பான் பதிலுக்கு 58 அழகிய பாவைகளை அனுப்பியது. பின் போர் வந்தது. நீலக்கண் பாவைகள் எதிரியின் பாவைகளாகிவிட்டன. பலவற்றை எரித்தார்கள். ஆனால் சில பள்ளிகளில் ஆசிரியர்கள் அவற்றை ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்து பல வருடங்களின் பின் அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இன்று முந்நூறுக்கு மேற்பட்டவை ஜப்பானில் எஞ்சியிருக்கின்றன. எல்லோரும் வெறுக்கச் சொன்ன நேரத்தில் ஒரு பாவையை எடுத்து ஒளித்த அந்த ரீச்சர்மாரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

தங்கம்மா

இனி எங்கள் காணிவேல் பாவைப்பிள்ளைக்கு வருகிறேன்.

1960களின் நடுப்பகுதி. கட்டட நிதிக்காகக் கல்லூரியில் களியாட்ட விழா. மைதானம் முழுவதும் கிடுகுக் கொட்டில்கள், சர்பத், கடலை, அதிட்டச் சக்கரம். இங்கிலாந்தில் இருந்த பழைய மாணவி ஒருவர் அன்பளிப்பாக அனுப்பிய பெரிய பாவைப்பிள்ளை ஒன்று ஒரு கொட்டிலில் நின்றது. பொன்னிறத் தலைமயிர், நீலக்கண், கையைப் பிடித்து நடத்தினால் ஒவ்வோர் அடிக்கும் தலையை இடமும் வலமும் திருப்பும். "என்னுடைய பெயர் என்ன?" என்று முன்னால் ஒரு மட்டை. ஒரு பெயர் சொல்ல 25 சதம். சரியாகச் சொல்பவருக்குப் பாவைப்பிள்ளை சொந்தம். பெயரைத் தையல் ரீச்சர் ஒரு கடதாசியில் எழுதி, கடித உறையில் ஒட்டி, அதிபரிடம் கொடுத்திருந்தா.

எனக்கு அப்பா தந்தது ஒரு ரூபா. நான் சர்பத்தும் குடிக்கவில்லை, சக்கரமும் சுற்றவில்லை. ரோசி, மேரி, எலிசபெத், ஜேன் என்று நான்கு பெயர் சொல்லி ஒரு ரூபாவையும் முடித்தேன். என் முன்னும் பின்னும் நின்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு வேறு என்ன பெயர் இருக்க முடியும்? என் வகுப்புத் தோழி ஒருத்தி மட்டும் தன்னிடமிருந்த ஒரேயொரு 25 சதத்தைக் கொடுத்து, "தங்கம்மா" என்றாள். எல்லோரும் சிரித்தோம். "என்ரை அம்மம்மான்ரை பேர். வேறை பேர் எனக்குத் தெரியாது" என்றாள்.

பின்னேரம் அதிபர் உறையைப் பிரித்து வாசித்தா. தங்கம்மா. பொன்னிறத் தலைமயிர் என்பதால் அந்தப் பெயரை வைத்ததாகத் தையல் ரீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னா. அன்று நான் இரவு முழுக்க அழுதேன். இன்று நினைக்கும்போது, எங்கள் எல்லோரையும்விட அந்த ரீச்சர்தான் பெரிய பாடம் நடத்தினா என்று படுகிறது. எங்கிருந்து வந்தாலும் எங்கள் வீட்டுக்கு வந்தபின் எங்கள் பெயரால்தான் கூப்பிடுவோம் என்பது அந்தப் பாடம்.

தங்கம்மா என் தோழியின் வீட்டுக்குப் போனா. தோழி என் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தாள். சனி, ஞாயிறுகளில் நானும் போவேன். தூக்க விடுவாள், சட்டை மாற்ற விடுவாள். கழுத்தின் பின்னால் இருந்த எழுத்தை இருவரும் கூட்டி வாசித்தோம்: பெடிக்ரீ, மேட் இன் இங்கிலண்ட்.

பெடிக்ரீ என்பது லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பிரித்தானிய விளையாட்டுச் சாமான் கொம்பனியின் பாவைப் பெயர். போருக்குப் பின் வந்த கடினப் பிளாஸ்ரிக்கில் அவர்கள் பாவைகளை வார்த்தார்கள். பீங்கான் போல விழுந்து உடையாது, செலுலோயிட் போல எரியாது என்பது அதன் பெருமை. அந்தக் கொம்பனியின் பெரிய தொழிற்சாலை தென்மேற்கு லண்டனில், மேர்ட்டன் பகுதியில் இருந்தது. 1971இல் கொம்பனி முறிந்தது. மேர்ட்டனுக்குப் பக்கத்தில்தான் தூட்டிங். இன்று அங்கே தோசைக் கடையும் மரக்கறிக் கடையுமாக எங்கள் ஆட்கள். தங்கம்மா எங்களைத் தேடி வந்த பாதையால் நாங்கள் திரும்பிப் போயிருக்கிறோம்.

இந்தக் கடினப் பிளாஸ்ரிக் பாவைகளைக் கடையில் கண்டால் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் பிளாஸ்ரிக் உள்ளே சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றப் பாவைகளோடு சேர்த்து வைக்கக்கூடாது.

எழுத்தும் சில வேளை ஏமாற்றும்

1950களின் பிற்பகுதியில் வினைல் வந்தது. மெதுமையான தோல், ஒட்டிய முடிக்குப் பதிலாகத் தலையிலேயே நட்ட முடி. 1959இல் அமெரிக்காவில் பார்பி, 1963இல் இங்கிலாந்தில் சிண்டி. அதுவரை பாவைப்பிள்ளை என்றால் நாங்கள் தாய், அது பிள்ளை. பார்பி வந்ததும் அது வளர்ந்த பெண்ணாகிவிட்டது. தாலாட்டத் தேவையில்லை, சட்டை வாங்கிக் கொடுத்தால் போதும்.

ஒரு பழைய பார்பியைக் கண்டு, அதன் உடலில் 1966 என்றிருப்பதால் அந்த வருடத்தது என்று நம்பி வாங்குபவர்கள் பலர். அது அந்த உடலமைப்புக்கு உரிமை பதிந்த ஆண்டு. 1990களில் செய்த பாவைகளிலும் அதே இலக்கம்தான் இருக்கும். இதேபோல எங்கள் நாட்டுக் கைப்பணிப் பாவை ஒன்றில் சிலோன் என்று அச்சிட்டிருந்தால், நாடு இலங்கைக் குடியரசான 1972க்கு முந்தியது என்று ஊகிக்கலாம். ஆனால் கையிருப்பில் இருந்த பழைய சீட்டை ஒட்டியிருக்கவும் கூடும். எழுத்தை வாசியுங்கள். பிறகு பொருளையும் வாசியுங்கள்.

1970 முதல் 1977 வரை எங்கள் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு. பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. கடைகளில் வெளிநாட்டுப் பாவைப்பிள்ளையைக் காண்பதே அரிது. அப்போது நாங்கள் மேல்வகுப்பில். தங்கம்மாவுக்குப் பெயர் வைத்த அதே தையல் ரீச்சர், கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்காகத் துணிப் பாவை தைக்க எங்களைப் பழக்கினா. கோதுமைமா வந்த பைத்துணி உடலுக்கு, இலவம்பஞ்சு உள்ளே திணிக்க, கறுப்பு நூல் தலைமயிருக்கு. பைத்துணி வெளிறி இருந்ததால் தேயிலைச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்தோம். கொடியில் காய்ந்த துணியின் நிறத்தைப் பார்த்த ஒரு சின்னப்பிள்ளை, "ரீச்சர், இது எங்கடை நிறம்" என்றது. ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் மண்ணிறப் பாவைகளும் செய்தார்கள்தான். ஆனால் எங்கள் கையில் கிடைத்த முதல் மண்ணிறப் பாவை, தட்டுப்பாட்டுக் காலத்தில் நாங்களே தைத்தது. அதன் கழுத்தில் எந்த எழுத்தும் இல்லை. அவற்றில் ஒன்றாவது இன்று எங்கேனும் இருக்குமா தெரியவில்லை. படமும் இல்லை. நூறு வருடத்தில் எங்கள் கல்லூரியில் பிறந்த பாவைகள் அவை மட்டுமே என்பதால் அந்த இழப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அலுமாரிக்குள் விட்டுப்போனது

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுப் பிளாஸ்ரிக் பாவைகள் கடைகளில் தொங்கின. பற்றரி போட்டால் அழும், சிரிக்கும், தவழும். 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பற்றரியும் தடைப்பட்டது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட, ஜாம் போத்தல் விளக்கில் படித்த அந்த வருடங்களில், அழும் பாவைகள் எல்லாம் வாய்மூடி இருந்தன. பேசாத துணிப் பாவைக்கு எந்தத் தடையும் இல்லை.

தங்கம்மா அப்போதும் என் தோழியின் வீட்டில்தான் இருந்தா. தோழியின் மகளும் தங்கம்மாவோடு விளையாடி வளர்ந்தாள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது, தோழி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் காணி உறுதியும் சாட்சிப் பத்திரங்களும் உள்ள பையோடு புறப்பட்டாள். மழை. நாவற்குழிப் பாலம் தாண்டவே விடிந்துவிட்டது. மகள் வழியெல்லாம் தங்கம்மாவைக் கேட்டாளாம். "இரண்டு நாளிலை திரும்பி வந்திடுவம்" என்று சொன்னாளாம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அலுமாரி இருந்த இடத்தில் அலுமாரி இல்லை.

சில வருடங்களின் பின் தொலைபேசியில் பேசும்போது தோழி இதைச் சொன்னாள். "நீ கடை கடையாத் திரியிறனீ. தங்கம்மாவைப் போல ஒண்டு கண்டாச் சொல்லு" என்றாள். அதிலிருந்து ஒவ்வொரு கடையிலும் நான் கழுத்துகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்ற வருடம் கண்டேன். பொன்னிறத் தலைமயிர், நீலக்கண், நடக்கும்போது தலை திரும்பும், கழுத்தில் அதே எழுத்து. உயரமும் அதுவே. கடைக்காரர், "ஒரு கீறலும் இல்லை, அதனால்தான் இந்த விலை" என்றார். கைத்தொலைபேசியில் படம் எடுத்துத் தோழிக்கு அனுப்பிவிட்டுக் கடைக்குள்ளேயே காத்திருந்தேன். கால்மணி நேரத்தில் குரற்பதிவாகப் பதில் வந்தது.

"வடிவா இருக்கு. ஆனா இது தங்கம்மா இல்லையடி. அவவின்ரை இடக்கையிலை ஸ்திரிக்கைப்பெட்டி சுட்ட தழும்பு இருந்தது. மறந்து போனியே? நீதானே சுட்டனீ."

மறந்துதான் போயிருந்தேன். அல்லது மறக்க விரும்பியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப்பெட்டி. சட்டையைக் கழற்றாமலே மினுக்கப் பார்த்தேன். பிளாஸ்ரிக் உருகிய மணம் இப்போதும் மூக்கில் வருகிறது. தோழியின் அம்மா சத்தம் கேட்டு ஓடிவந்தபோது, நான் வாயே திறக்கவில்லை. தோழி, "நான்தானம்மா" என்று சொல்லி அடி வாங்கினாள். காணிவேலில் தோற்ற கோபம் அந்தக் கையில் கொஞ்சம் இருந்ததோ என்று இந்த வயதிலும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஐம்பது வருடங்களுக்கு மேலாக அவளிடம் மன்னிப்புக் கேட்காமல் இருந்திருக்கிறேன். அன்று கடையை விட்டு வெளியே வந்து, வீதியில் நின்றபடியே அவளை அழைத்துக் கேட்டேன். "இப்ப என்னத்துக்கு?" என்று சிரித்தாள். பிறகு இருவரும் அழுதோம். அந்தப் பாவையை நான் வாங்கவில்லை.

பாவைப்பிள்ளைகளில் இரண்டு வகை அடையாளங்கள் இருக்கின்றன. கழுத்தில் தொழிற்சாலை பொறித்தது ஒன்று. அது எங்கே, எப்போது பிறந்தது என்று சொல்லும். மற்றது கடித்த விரல், கத்தரித்த முடி, மையால் தீட்டிய கண், சுட்ட கை. அது யாருடையது என்று சொல்லும். கடைக்காரர் முதலாவதற்குப் பணம் கேட்பார். இரண்டாவதைப் பழுது என்று விலையைக் குறைப்பார். ஜேர்மன் தலைகளைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. பனங்கொட்டைப் பாவைக்கும் பைத்துணிப் பாவைக்கும் தங்கம்மாவின் இடக்கைக்கும் எங்கள் நினைவைத் தவிர வேறு புத்தகம் இல்லை.

ஆகவே உலகெங்கும் பரந்திருக்கும் என் கல்லூரிச் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய குடும்பப் படங்களை எடுத்துப் பாருங்கள். ஸ்ரூடியோப் படத்தில் ஒரு சிறுமி கையில் பாவைப்பிள்ளையோடு நிற்கலாம். அது என்ன, யார் தந்தது, என்ன பெயர், அதில் என்ன தழும்பு, கடைசியில் என்ன ஆனது என்று படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். பைத்துணிப் பாவை தைத்த வகுப்பில் இருந்தவர்கள், அதன் வெட்டுமாதிரி நினைவிருந்தால் கடதாசியில் வரைந்து சங்கத்துக்கு அனுப்புங்கள். தையல் ரீச்சர் இப்போது எங்களோடு இல்லை. அவவின் கையெழுத்தில் "தங்கம்மா" என்று எழுதிய அந்தக் கடதாசித் துண்டும் இல்லை. அதை இங்கே எழுதி வைப்பதற்காகவே இந்தக் கட்டுரை.